வில்லை இல்லாத கிடா

அக்கா, ஆர்ன்தோர் வீட்டில் பரம்பரை வியாதி ஏதாவது உண்டா என்று நீயும் அத்தானும் போனில் கேட்டீர்கள். விவரமாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உண்டு. ஆனால் வியாதியின் பெயரை மட்டும் சொன்னால் நீங்கள் பயந்துவிடுவீர்கள். ஸ்வான்டீஸைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்வான்டீஸ் ஆர்ன்தோரின் அக்கா. எனக்கு நாத்தனாராக வரப்போகிறவள். ஐஸ்லாந்தின் வடக்கில், கடல் உள்ளே நுழைந்து மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிற எங்கள் குடாவில் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடு வளர்க்கிறார்கள். இங்கே கோடையில் ஆடுகளை மலைக்கு விட்டுவிடுவார்கள். மேய்க்க ஆள் கிடையாது. செப்டம்பரில் எல்லாப் பண்ணைக்காரர்களும் குதிரை ஏறிப் போய், மலை மலையாகத் தேடி ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவருக்கு மலைராஜா என்று பெயர். யார் எந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும், யார் எந்த மேட்டில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ராஜா சொல்வதுதான். எங்கள் குடாவில் ஆம்பளைகளே ராஜாவாக இருந்துவந்த இடத்தில் முதல் மலைராணியாக ஆனவள் ஸ்வான்டீஸ். அறுபது வயதுக்காரர்களையும் அதட்டுவாள். இந்த ஊரில் டாக்டரைக்கூடப் பேர் சொல்லி, நீ என்றுதான் பேசுவார்கள் என்பதால் அது யாருக்கும் உறைக்காது.

"யோவ் பெர்குர், அந்த மேட்டுல மூணு ஆடு நிக்குது. அதுங்களுக்குப் பத்திரிகை வச்சு அழைக்கணுமா?" என்று இவள் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கத்தினால் அடுத்த பள்ளத்தாக்கில் கேட்கும் என்பார்கள். பெர்குர் இவர்களுடைய அப்பாவின் சித்தப்பா மகன். பக்கத்துப் பண்ணை.

போன வருஷம் மே மாதம், குட்டி போடுகிற சமயம். ஒரு ஆட்டுக்குக் குட்டி திரும்பிக்கொண்டு வெளியே வரவில்லை. ஸ்வான்டீஸ் கையை உள்ளே விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் கை நின்றுவிட்டது. பிறகு முகம் ஒரு பக்கம் இறங்கியது. ஆர்ன்தோர் ஓடி வந்து பார்த்தபோது வைக்கோலில் சரிந்து கிடந்தாள். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து தலைநகருக்குத் தூக்கிப் போனது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த கட்டி ஒன்று அடைத்திருந்தது. குழாய் விட்டு அதை எடுத்தார்கள். உயிர் தப்பியது. வலது கை வரவில்லை. வலது கால் பாதி வந்தது. பேச்சு போய்விட்டது.

ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "யையா." இங்கே அது ஒரு பொது வார்த்தை. சரி, கிளம்பலாம், போதும், அடடா, அப்புறம், முடிஞ்சுது என்று எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லலாம். இழுத்துச் சொன்னால் ஒரு அர்த்தம், வெட்டிச் சொன்னால் வேறு அர்த்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளைப் பார்க்க வந்த பெர்குர், என்ன பேசுவது என்று தெரியாமல் மூக்குப்பொடியைப் புறங்கையில் கொட்டிக்கொண்டே சொன்னார்:

"கொடுத்து வச்சவடி நீ. நான் முப்பது வருஷமா அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தான் குடும்பம் நடத்துறேன். மத்ததெல்லாம் என் பொண்டாட்டி பேசிக்குவா."

ஸ்வான்டீஸ் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து "யையா" என்று அதட்டினாள். அழாதே, போய்க் காபி போடு என்று அர்த்தம். போய்ப் போட்டேன்.

இருபத்தெட்டு வயதுக்காரிக்கு எப்படிப் பக்கவாதம் வரும்? கட்டி எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். மூளையில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் இதயத்தில் இருந்தது. நான் இந்த ஊர் மருத்துவ நிலையத்தில் ஈசிஜி எடுக்கிறவள் என்பதால் எனக்கு அது உடனே புரிந்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன் அக்கா. இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருந்தால், அதன் ஓரத்தில் இருக்கிற சின்னப் பையில் ரத்தம் ஓடாமல் தேங்கிவிடும். ஆட்டாமல் வைத்த பாலில் உறை விழுகிற மாதிரி அங்கே ரத்தம் கட்டும். அதில் ஒரு துணுக்கு கிளம்பினால் நேரே தலைக்குப் போகும். வயதானவர்களுக்கு வருவதுதான். ஸ்வான்டீஸுக்கு எத்தனையோ வருஷமாக அப்படி நடுங்கியிருக்கிறது. அவள் குதிரை ஏறிக்கொண்டும் ஆடு தூக்கிக்கொண்டும் இருந்ததால் கவனிக்கவில்லை. மூச்சு வாங்கினால் மலையைக் குற்றம் சொல்லியிருக்கிறாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பிரின்யா. இவர்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, தலைநகரில் மரபணு ஆராய்ச்சி செய்கிறவள். ஸ்வான்டீஸ் சம்மதித்துக் கொடுத்த ரத்தத்தைப் படித்துப் பார்த்தார்கள். மேலறைத் தசையைக் கட்டுகிற ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. எந்த மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வரும்; இவளுக்கு அப்பாவிடமிருந்து வந்ததிலும் அந்த எழுத்து இல்லை, அம்மாவிடமிருந்து வந்ததிலும் இல்லை. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டுமே கெட்டால் சின்ன வயதிலேயே மேலறை தடுமாறத் தொடங்கும். இவர்களுடைய அப்பாவும் அம்மாவும் சொந்தம் என்று யாருமே நினைத்ததில்லை. ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே குடாவில் வாழ்ந்த ஒரு தம்பதியிடம் இரண்டு வழியும் போய் முட்டுகின்றன.

பிரின்யா இதைச் சொன்ன அன்று ஆர்ன்தோர் என்னிடம் கிண்டலாக, "உங்க ஊர்ல அத்தை பையனையே கட்டிக்குவாங்களாமே?" என்றான்.

"நாங்க தெரிஞ்சே கட்டிக்குவோம். நீங்க தெரியாமயே கட்டிக்கிறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். பிரின்யா காபி புரையேறச் சிரித்தாள்.

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆர்ன்தோரைப் பார்த்தாள். கூடப் பிறந்தவனுக்கும் இரண்டுமே கெட்டிருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதை அவள் பொதுவாகத்தான் சொன்னாள். "சோதிச்சுப் பாக்கலாமா?" என்று ஒரு முறை கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. தன் மரபணுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் இங்கே மனுஷனுக்கு உரிமை உண்டு. பிரின்யா அந்த உரிமையைத் தன் வேதம் மாதிரி வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு மட்டும் அனுப்பினாள்: விருப்பம் இருந்தால் வாருங்கள், ஒரு குழாய் ரத்தமும் ஒரு ஈசிஜியும்தான். ஒரு வருஷம் ஆகியும் யாரும் வரவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், இவர்கள் மரபணு என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள் இல்லை. இங்கே ஆட்டுக்கு ஒரு மூளை நோய் உண்டு. ஒரு ஆட்டுக்கு வந்தால் மந்தை முழுவதையும் கொன்று புதைக்க வேண்டும். அதை எதிர்த்து நிற்கிற மரபணு சில ஆடுகளுக்கு இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, பண்ணைக்காரர்கள் ஒவ்வொரு குட்டியின் காதிலிருந்தும் பொட்டளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். நல்ல மரபணு இருந்தால் பச்சை வில்லை காதில் ஏறும். ஆர்ன்தோருக்கு இது ஒரு பைத்தியம். எந்தக் கிடாவின் பாட்டன் எந்தப் பண்ணை, எதை எதோடு சேர்த்தால் எத்தனை குட்டிக்குப் பச்சை கிடைக்கும் என்று சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை அடுக்கிக் காட்டுவான்.

"இவ்வளவு தெரிஞ்சவன், உனக்கு ஏன் பாக்க மாட்டேங்கற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கிடா கப்பலுக்குப் போகாது" என்றான்.

குளிர்காலத்தில் அவன் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறான். ஒரு முறை போனால் ஒரு மாதத்துக்கு மேல் கடல்தான். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் கடலுக்குப் போக உடல் தகுதிச் சான்று கிடைக்காது. அது மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவை வைக்கோலில் பார்த்தவன் அவன்தான்.

இந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். என் விரல் அவன் மணிக்கட்டில் இருந்தது. வேலைப் பழக்கம். இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது. பிறகு ஒரு பள்ளம். பிறகு அவசர அவசரமாக மூன்று. எந்தத் தாளத்திலும் அடங்கவில்லை. எழுப்பிச் சொன்னேன்.

"காபி அதிகமாயிடுச்சு" என்றான்.

"காபி குடிச்சா வேகமா அடிக்கும். இப்படித் தாறுமாறா அடிக்காது. நாளைக்கு வா, ஒரு ஈசிஜி எடுக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கோதை, நான் வேண்டாம்னு சொன்னா வேண்டாம். நீ யாருகிட்டயும் சொல்லவும் கூடாது."

என்ன செய்வேன்? அக்டோபரில் கப்பல் கிளம்பும். நடுக்கடலில் கை விழுந்தால் ஹெலிகாப்டர் எட்டாத தூரம். மருத்துவ நிலையத்தில் சொன்னால் அவன் நம்பிக்கையைக் கெடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அவனையே இழந்துவிடுவேனோ என்று பயம். உன்னிடம் போனில் பேசும்போதெல்லாம் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாயே, இதுதான் காரணம். யாரிடமாவது கொட்டினால்தான் மூச்சு வரும் போலிருந்தது. ஸ்வான்டீஸிடம் போனேன். அவளால் யாரிடமும் சொல்ல முடியாதே என்று நினைத்துத்தான் போனேன்.

அவள் தொழுவத்தில் இடது கையால் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கவைக்கோலை ஊன்றிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் அதன் மேல் தட்டிக் காட்டினாள். இப்படியா? இல்லை, இப்படி என்று நான் தட்டிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். அவளுடையதும் அதுதான்.

"யையா" என்றாள், மெதுவாக. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஆடு பிரிக்கும் நாள் வந்தது. கல் சுவரால் கட்டிய ஒரு பெரிய வட்டம். அதைச் சுற்றி பூவிதழ் மாதிரி பண்ணைக்கு ஒரு பட்டி. மலையிலிருந்து வந்த ஆடுகளையெல்லாம் நடு வட்டத்துக்குள் விடுவார்கள். எல்லோரும் உள்ளே இறங்கி, கொம்பைப் பிடித்து, இரண்டு காலுக்கு நடுவே இறுக்கி, பண்ணை எண் போட்ட காது வில்லையைப் பார்த்து, அந்தந்தப் பண்ணையின் பட்டிக்கு இழுத்துப் போவார்கள். வில்லை இல்லாத ஆடு கிடைத்தால் பிடித்தவர் கையைத் தூக்கி "வில்லை இல்லை!" என்று கத்த வேண்டும். உடனே எல்லோரும் கூடிவிடுவார்கள். யாருடையது, எந்தத் தாய் ஆட்டின் பின்னால் போகிறது என்று தெரிகிற வரை அதை வெளியே விடக் கூடாது. ஓரத்தில் அதற்கென்று தனிப் பட்டி இருக்கிறது.

சொந்தம் எல்லாம், எந்த ஊரில் வேலை பார்த்தாலும், அன்றைக்கு வந்துவிடும். பிரின்யாவும் வந்திருந்தாள். இந்த முறை குதிரை ஏற்றுகிற வண்டி ஒன்றைத் தனிப் பட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, உள்ளே ஒரு கட்டிலும் ஈசிஜி கருவியும் வைத்திருந்தாள். லீவு போட்டுவிட்டு நான் அவளுக்கு உதவிக்குப் போனேன். வாசலில் நின்று போவோர் வருவோருக்கு க்ளைனா கொடுத்தோம். எண்ணெயில் பொரித்த அந்த இனிப்பை எல்லோரும் எடுத்தார்கள். வண்டிக்குள் ஒருவரும் ஏறவில்லை.

"உள்ள போனா என்ன குடுப்ப, பச்சை வில்லையா?" என்று பெர்குர் கேட்டார்.

"உனக்கு எந்தக் கலர் கிடைச்சாலும் உன்னை யாரும் சினைக்கு விட மாட்டாங்க பெர்குர். க்ளைனா எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் பிரின்யா.

ஸ்வான்டீஸுக்குப் பதிலாக இந்த வருஷம் ஆர்ன்தோர்தான் மலைராஜா. மந்தைக்குப் பின்னால் குதிரையில் வந்து இறங்கினான். குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ரொம்ப நேரம் இல்லை. நான் பார்த்தேன். கல் சுவரில் சாய்ந்திருந்த ஸ்வான்டீஸும் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. சூப் கொதிக்கிற வாசனை, ஆடு கத்துகிற சத்தம், பாதிப் பேர் பாட்டு. ஸ்வான்டீஸ் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வட்டத்துக்குள் இறங்கினாள். "பாத்துடி!" என்று யாரோ கத்தினார்கள். ஆடுகள் இடித்தன. பாதிக் காலை இழுத்துக்கொண்டு, ஆட்டு முதுகுகளையே பிடிமானமாகப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தாள். ஆர்ன்தோர் குனிந்து ஒரு கிடாவின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து போய், அவன் முதுகின் மேல் காலைப் போட்டு, இரண்டு முழங்காலுக்கு நடுவே அவனை இறுக்கிவிட்டாள்.

வட்டமே திரும்பிப் பார்த்தது. அவன், "ஏய், விடுடி! பைத்தியமா உனக்கு?" என்று திமிறினான். கிடா அவனை விட்டுவிட்டு ஓடியது. அவள் விடவில்லை. இடது கையால் அவன் காதைப் பிடித்து முன்னால் மடக்கினாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். பிறகு அந்தக் கையை ஆகாசத்துக்குத் தூக்கினாள்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பெர்குர்தான் அவளுக்குக் குரல் கொடுத்தார்: "வில்லை இல்லை!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "யாரு வீட்டுக் கிடா அது?" "ரோமத்தைப் பாத்தா எங்க பண்ணை மாதிரி இல்ல!" "பல்லைப் பாரு, வயசாயிடுச்சு!" "தனிப் பட்டிக்கு இழுத்துட்டுப் போ!" காதைப் பிடித்தபடியே அவள் அவனை இழுத்தாள். அவனும் சிரித்துக்கொண்டே வந்தான். ஊரே பாடிக்கொண்டு பின்னால் வந்தது. தனிப் பட்டியைத் தாண்டி எங்கள் வண்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் அவன் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பேச முடியாதவகிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு நெனச்சியா?"

"ஆமா" என்றேன். யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பிரின்யா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இல்ல ஸ்வான்டீஸ். இழுத்துட்டு வந்தவனுக்கு நான் எடுக்க மாட்டேன். விடு அவனை."

"இவ்வளவு தூரம் கொண்டாந்தாச்சு, எடுத்துத் தொலையேன்!" என்றார் பெர்குர்.

"ஆட்டுக்கு அப்படிப் பண்ணு. இவன் மனுஷன். தெரிஞ்சுக்கணும்னு அவன் வாயால சொல்லணும். வேண்டாம்னா இப்பவே போகலாம். யாரும் கேலி பண்ணக் கூடாது."

எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இன்றைக்கு யோசித்தால், அன்று அங்கே நின்றவர்களில் ஸ்வான்டீஸுக்குச் சமமான தைரியசாலி அவள்தான். தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தது கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, வாசலை அடைத்தாளே.

ஸ்வான்டீஸ் காதை விட்டாள். ஒரு எட்டு தள்ளி நின்றாள். தடி இல்லாததால் ஆடினாள். யாரோ பிடிக்கப் போனார்கள், தட்டிவிட்டாள். அவன் போவதற்கு வழி திறந்துதான் இருந்தது. மலைராஜா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவின் வலது கை ஸ்வெட்டருக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தான்.

"நெஞ்சுல மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்றான் கடைசியில், யாரையும் பார்க்காமல். "ரெண்டு வருஷமா. மலை ஏறும்போது அதிகமா இருக்கு. எடு பிரின்யா. நான்தான் சொல்றேன்."

பிரின்யா நகர்ந்தாள்.

நான் அவனைப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கி, பட்டைகளை ஒட்டினேன். ஒரு பட்டையை இரண்டு முறை பிடுங்கி ஒட்ட வேண்டியிருந்தது. "ஆட்டு வாசனைக்கு ஒட்ட மாட்டேங்குதா?" என்று கேட்டான். காகிதம் ஓடத் தொடங்கியது. ஒழுங்கான இதயத்தில் ஒவ்வொரு பெரிய மலைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு வரும், மேலறை துடித்ததற்கு அடையாளமாக. அந்த மேடு எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக நடுங்குகிற கோடு. மலைகள் இஷ்டத்துக்கு நின்றன. என் முகத்தைப் பார்த்தே அவன் தெரிந்துகொண்டான்.

பிரின்யா அன்றைக்கே அவனைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்தார்கள். மேலறை ஓரத்துப் பையில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. புளியங்கொட்டை அளவு. கிளம்பாமல் உட்கார்ந்திருந்தது. "இது கடல்ல கிளம்பியிருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்தார். ஆர்ன்தோர் கையைக் காட்டி நிறுத்தினான்.

ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை கொடுத்தார்கள். அது புதிதாக உறை விழவிடாமல் தடுக்கும், பழைய கட்டியை உடம்பு தானே கரைத்துக்கொள்ளும் என்றார்கள். சில வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை குதிரை வேண்டாம், மலை வேண்டாம், கப்பல் வேண்டவே வேண்டாம். ரத்தச் சோதனையிலும் தெளிவாக வந்தது. இரண்டு பிரதியிலும் அந்த எழுத்து இல்லை, அவன் அக்காவுக்கு இருந்த மாதிரியே. எங்களுக்குப் பிறக்கிற குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். இவனிடமிருந்து ஒன்று போகும். என் பக்கத்தில் அது இல்லை, பிரின்யா பார்த்துச் சொல்லிவிட்டாள். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது.

ஆனால் அந்த வாரங்கள் இருக்கிறதே அக்கா. அவன் இருமினாலும் எனக்குப் பகீர் என்றது. ஒரு கப்பைக் கீழே வைத்தால் கை சரியாக வைத்ததா என்று பார்த்தேன். அவனோ, "என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாக்காத" என்று எரிந்து விழுந்தான்.

ஸ்வான்டீஸ்தான் என்னை அதிலிருந்து வெளியே இழுத்தாள். ஒரு காலை கார் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "யையா." கிளம்பு. எங்கே? கையைக் குடா முழுவதும் வீசிக் காட்டினாள். அன்று பட்டியில் ஆர்ன்தோருக்குப் பிறகு கொஞ்சம் பேர் வண்டியில் ஏறினார்கள். பலர் நழுவிவிட்டார்கள். அந்தப் பலரையும் அவள் கணக்கில் வைத்திருந்தாள். பக்கத்துப் பண்ணை, அதற்கு அடுத்த பண்ணை, கடல் முனையில் தனியாக இருக்கிற வீடு என்று ஒவ்வொன்றுக்கும் என்னை ஓட்ட வைத்தாள்.

போனால் அடுப்படிக்கு நேரே போய் உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்காரர்கள் காபி வைப்பார்கள். நான் விஷயத்தைச் சொல்வேன். அவர்கள் சாக்குச் சொல்வார்கள்: எனக்கு ஒன்றுமில்லை, குட்டிகளை வெட்டுக்கு அனுப்புகிற சமயம், ஊசி என்றால் ஆகாது. ஸ்வான்டீஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். எழுந்திருக்க மாட்டாள். பேசுகிறவளாக இருந்தால் பதிலுக்குப் பேசி ஜெயிக்கலாம். இவளிடம் என்ன பேசுவது? தங்கள் குரலையே தாங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சாக்கு அவர்களுக்கே அசிங்கமாகிவிடும். மறுநாள் என் மருத்துவ நிலையத்துக்கு வந்து சட்டையைக் கழற்றுவார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணுக்கும் மேலறை தடுமாறியது. பள்ளிக்கூட டீச்சர், என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்கும் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். முழுப் பேச்சோடு வகுப்பில் பாடம் நடத்துகிறாள்.

பெர்குர் மட்டும் மசியவில்லை. ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவர், தனக்கு என்றதும் தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டார். மூன்று தடவை போனோம். நான்காம் தடவை, ரத்தம் எடுக்கிற ஊசிப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனது, ஆர்ன்தோருக்கு இரண்டாவது எக்கோ எடுக்கிற நாள். அவன் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரின்யாவோடு போயிருந்தான். வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று ஸ்வான்டீஸுக்குத் தெரியும்.

பெர்குரின் அடுப்படி. அவர் மனைவி பால் அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டே, "இந்த மனுஷன் ஆட்டுக்கு ஊசி போடும்போதே மயக்கம் போடுவார்" என்றார்.

"அது ஒரு தடவைதான்" என்றார் பெர்குர். "இங்க பாரு ஸ்வான்டீஸ், எனக்கு அறுபத்தி நாலு. கெட்டிருந்தா எப்பவோ கெட்டிருக்கும். இனிமே தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்? பசங்களுக்கு வேணும்னா பாரு. என்னை விட்டுடு."

ஸ்வான்டீஸ் அப்பத்தில் சர்க்கரை தூவி, இடது கையால் சுருட்டிச் சாப்பிட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

என் போன் அடித்தது. ஆர்ன்தோர். எடுக்கக் கை வரவில்லை. ஸ்வான்டீஸ் எட்டி எடுத்து, மேஜை மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோதை?" தொண்டைக்குள் குழாய் விட்டதில் குரல் கரகரத்தது. "இல்ல. அங்க ஒண்ணும் இல்ல. முழுசாக் கரைஞ்சிடுச்சு. டாக்டர் எல்லாப் பக்கமும் திருப்பிப் பாத்துட்டாரு. காலி."

நான் அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டேன். மாவு என் நெற்றியில் ஒட்டியது. போனில் அவன், "ஏய், இருக்கியா? யாராவது பேசுங்க" என்றான். நிமிர்ந்து பார்த்தேன். ஸ்வான்டீஸ் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, உணர்ச்சி இல்லாத கன்னத்தின் வழியே போய், அவளுக்கே தெரியாமல் தாடையில் தொங்கியது. போனை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

பெர்குர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். எடுக்காமலே மூடினார். பிறகு ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டத் தொடங்கினார்.

"என் பொண்டாட்டிய வெளிய போகச் சொல்லுங்க" என்றார். "நான் மயக்கம் போட்டா அவ வருஷம் பூரா சொல்லிக் காட்டுவா."